உர்சுலா மயினியின் மலை

தாழைத்துறைக்குப் பனிமலை வந்து சேர்ந்த அன்று காலையில் கடலில் இருந்தவர்கள் நாற்பத்தோரு பேர், அந்த நாற்பத்தோரு பேரில் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை, கையிலிருந்த தூண்டிலைக் கீழே போடவில்லை, மாதாவே என்று கூவவில்லை, ஏனென்றால் முப்பது வருஷமாக உர்சுலா மயினி தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் மீன் ஏலத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்று அந்த மலையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, அதன் உயரம், அதன் இடது தோள், இரண்டு சிகரங்களுக்கு நடுவே விழுந்த கவட்டை, மே மாதத்திலும் கரையாத பனி என்று சகலமும் ஊருக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. இவ்வளவு சொன்ன பிறகும் அது வராமல் இருந்திருந்தால்தான் அவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

தஸ்நேவிஸ் என்கிற வள்ளக்காரர் கரை ஏறியதும் நேராக மயினி வீட்டுக்குத்தான் போனார். ஈரக் கைலியோடு வாசலில் நின்று, பக்கத்து ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"மயினி, ஒங்க மலை வந்துட்டுது."

மயினி அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "எங்கன?"

"மேக்க. உப்பளக் கிட்டங்கிக்குப் பின்னால. கரையில நின்னு பாத்தா தெரியாது. ஏழு பாகம் ஆழத் தண்ணி தாண்டுனாத்தான் தெரியுது."

"எடது தோள்ல பனி கெடக்கா?"

"கெடக்கு."

"அப்ப அதேதான்" என்றாள் மயினி. கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள். "இத்தன வருசமா வழியில என்ன செஞ்சுதாம்?"

மயினியின் சொந்தப் பெயர் ஓர்சோலா. இத்தாலி தேசத்தின் வடக்கு மூலையில், அல்பேரா என்கிற அந்த மலையின் காலடியில், நாற்பது வீடும் ஒரு மணிக்கூண்டும் உள்ள ஊரில் பிறந்தவள். இருபத்திரண்டாவது வயதில் துறைமுகப் பட்டணத்துக்கு வேலைக்கு இறங்கி வந்து, கப்பல்காரர்கள் சாப்பிடும் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது, சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் லாசர் மிராண்டா என்கிற தாழைத்துறை ஆள், கடைக்காரர் ஊற்றிக் கொடுத்த சூப்பில் சட்டைப் பையிலிருந்து மிளகாய்ப் பொடியை எடுத்துக் கொட்டிக்கொண்டு குடித்ததைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு அவளைத் தாழைத்துறைக் கோயில் பீடம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டது. வந்த முதல் வாரத்தில் மாமியார்க்காரி அவளைச் சுற்றி ஒரு வலம் வந்து, "சீதனமா என்ன கொண்டாந்தே?" என்று கேட்டபோது, தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளையும் ஒன்று சேர்த்து, "எங்க ஊர்ல மலை இருக்கு" என்றாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். லாசரின் தம்பி பவுலின் அண்ணன் பெண்டாட்டி என்ற முறையில் அவளை மயினி என்று கூப்பிட ஆரம்பித்தான், அவனைப் பார்த்துத் தெரு கூப்பிட்டது, தெருவைப் பார்த்து ஊர் கூப்பிட்டது, கடைசியில் பங்குச் சாமியாரும் வாய் தவறி ஒருநாள் பிரசங்கத்தில் மயினி என்று சொல்லிவிட்டார்.

ஊரோடு ஒட்டிப் போனாளே தவிர கரைந்து போகவில்லை. மக்காச்சோள மாவைக் காய்ச்சிக் கிண்டிப் பலகையில் கொட்டி, நூலால் துண்டு போட்டு, சாளைமீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவாள். எதிர்வீட்டு அமலோற்பவம் எட்டிப் பார்த்து, "இது எங்க களிதானே மயினி" என்றால் முகம் சிவந்துவிடும், "களி இல்ல, பொலென்தா! எத்தன தடவ சொல்லணும்?" என்று கத்துவாள். ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் வாசலில் நம் கொடி ஏற்றுவாள், ஜூன் இரண்டாம் தேதி அதே கம்பில் தன் கொடியை ஏற்றித் தெருவுக்கெல்லாம் சீனி மிட்டாய் கொடுப்பாள். யாராவது கேட்டால், "ரெண்டுலயும் பச்சையும் வெள்ளையும் இருக்கு, மிச்சம் ஒரு நெறத்துக்கு என்ன சண்ட?" என்பாள். அந்தக் கரை முழுவதும் பனிமய மாதாவைக் கும்பிடுகிற கரை, பிள்ளைகளுக்கு அந்த மாதாவின் பேரைத்தான் போர்த்துகீசிய மொழியில் தஸ்நேவிஸ் என்று வைப்பார்கள், ஆனால் பனி என்றால் என்னவென்று ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை, அதனால் மாதா திருநாளில் மயினியின் நடையே தனி. "நீங்க பனிக்கு மாலை போட்டுக் கும்பிடுதீங்க. நான் அத மம்பெட்டியால அள்ளிப் போட்டிருக்கேன்லா" என்று சொல்லிக்கொண்டு தேருக்கு முன்னால் போவாள். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை, கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் ஊர் பொறுத்துக்கொண்டது.

மலை வந்த பிறகு அந்தப் பொறுமைக்கெல்லாம் பலன் கிடைத்தது என்று ஊர் நினைத்தது.

முதலில் மலைக்கு ஒரு உறவுமுறை சொல்ல வேண்டியிருந்தது. வந்த மூன்றாம் நாளே பவுலின் அதைத் தீர்த்து வைத்தான்: இது மயினியின் சீதனம், முப்பது வருஷம் பிந்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான், கப்பலில் ஏற்ற முடியாத சாமான் தானாக நடந்து வரத் தாமதம் ஆகாதா என்று கேட்டான், எல்லாரும் அது நியாயம்தான் என்றார்கள். அன்றிலிருந்து டீக்கடையில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "எங்க மலை" என்று பேச ஆரம்பிக்க, மயினி கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "பவுலின், சீதனம் பொண்ணுக்குத்தான் பாத்தியம். நீ வேணும்னா அடிவாரத்துல ஒரு ஓரமா நின்னுக்கிடு."

பங்குச் சாமியார் வள்ளத்தில் ஏறிப் போய் ஏழு பாகம் தாண்டி நின்று மலையைப் பார்த்துத் தீர்த்தம் தெளித்தார், அது மாதாவின் மலையா மயினியின் மலையா என்று கேட்டவர்களுக்கு, மயினியே மாதாவின் பிள்ளைதானே என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். கிராம நிர்வாக அதிகாரி வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மலை எந்த சர்வே எண்ணில் நிற்கிறது, பட்டாவா புறம்போக்கா என்று கேட்டுக் கடலுக்குப் போனவர், போகும்போது இரண்டு தரமும் வரும்போது மூன்று தரமும் வாந்தி எடுத்து, "நிலத்தில் இல்லை, பார்வையில் உள்ளது, ஆகவே தீர்வை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் மலையின் வலது தோள் தங்கள் எல்லையில் விழுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடந்து, வலது தோளை அவர்களும் பார்த்துக்கொள்ளலாம் ஆனால் பெயரை மாற்றக்கூடாது என்று முடிவானது. மேற்கிலிருந்து சில நாள் விடியலில் சில்லென்று ஒரு காற்று வரத் தொடங்கியது, அதற்கு மயினிக்காத்து என்று பெயர் வைத்தார்கள், அது வீசுகிற நாளில் கிழவர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள்.

இதெல்லாம் பேச்சுக்கு. ஊர் மலையைத் தலையில் வைத்துக் கொண்டாடியதற்குக் காரணம் வேறு.

கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும், அதைப் பார் என்பார்கள், களவாவும் விளமீனும் அங்கேதான் கூட்டம் போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாரைக் கண்டுபிடிக்கத் தாழைத்துறைக்காரர்கள் கரையில் இரண்டு அடையாளம் பிடிப்பார்கள். கோயில் கோபுரத்துச் சிலுவையும் கடற்கரைக் கொடிமரமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி வள்ளத்தைக் கொண்டுபோனால் ஒரு கோடு கிடைக்கும். ஆனால் அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் போய் நிற்பது? அதற்கு இன்னொரு பக்கத்து அடையாளம் வேண்டும். முன்னே அந்தப் பக்கத்தில் ஒரு பனங்காடு இருந்தது, உப்பு மூட்டை அடுக்கும் உப்பளக் கிட்டங்கியின் கூரை முனை பனங்காட்டின் நடுவில் வந்தால் நங்கூரத்தைப் போடு என்று அப்பன் மகனுக்குச் சொல்லி வைத்திருந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் பனங்காடு மொத்தமும் சாய்ந்தது, அதோடு பாரும் தொலைந்தது. கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் தடவினார்கள், நாலு பேர் வள்ளத்தை விற்றுவிட்டு உப்பளக் கூலிக்குப் போனார்கள். இப்போது பனங்காடு இருந்த அதே திசையில் மலை வந்து நின்றது, கிட்டங்கிக் கூரை முனை மலைக்கவட்டைக்குள் வந்ததும் தஸ்நேவிஸ் ஈயக்கல்லை இறக்கிப் பார்த்தார், பதினெட்டாம் பாகத்தில் பாறை தட்டியது. எட்டு வருஷமாக மீன் காணாத வள்ளங்கள் அன்று மீன் பாரத்தில் விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்து வந்தன.

ஊருக்கே மலையால் சோறு கிடைத்தது, மயினிக்கு மட்டும் மலை கிடைக்கவில்லை. பெண்பிள்ளை ஏறின வள்ளத்தில் மீன் ஏறாது என்பது அந்த ஊர் வழக்கம். அவள் ஒருதரம் கேட்டாள், கேட்ட ஆண்பிள்ளைகள் எல்லாரும் மணலைப் பார்த்தார்கள், அத்தனை வீட்டு அடுப்பும் இதில் இருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள். ஊரில் ஒரு பெண்ணும் மலையைப் பார்த்ததில்லை. "ஆம்பளைக்கு மட்டும் தெரியுத மலைய நான் எப்பிடி நம்ப?" என்று அமலோற்பவம் கடைசிவரை சந்தேகத்தோடுதான் இருந்தாள். தினமும் கரை ஏறியதும் தஸ்நேவிஸ் மயினி வாசலுக்கு வந்து ஒப்பித்துவிட்டுப் போவார்: இன்றைக்கு முழுசாகத் தெரிந்தது, இன்றைக்கு இடுப்புவரை மேகம், இன்றைக்கு வலது சிகரத்தில் புதுப்பனி விழுந்திருக்கிறது. அவர் போன பிறகு அவள் சன்னல் பக்கம் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பனியை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷம் பல் துலக்கும்போதும் மாடு கறக்கும்போதும் பார்த்த மலை, இப்போது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, மற்றவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

மலை வந்து ஒரு வருஷம் ஆனபோது காகிதம் வந்தது.

லாசர் இறந்து அப்போது இரண்டு வருஷம். இந்தியனின் மனைவி என்று வருஷா வருஷம் முத்திரை குத்திக் கொடுத்துக்கொண்டிருந்த அலுவலகம், அந்த இந்தியன் இப்போது கல்லறையில் இருக்கிறான் என்பதை மெல்லக் கண்டுபிடித்திருந்தது. அறுபது நாளைக்குள் இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு முன்னால் இத்தாலியை எழுத்து மூலம் கைவிட வேண்டும். இல்லாவிட்டால் தேசத்தை விட்டுப் போக வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. மயினிக்கு நாற்காலி போட்டார்கள், அவள் உட்காரவில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க மயினி" என்றான் பவுலின். "நீங்க இத்தாலிக்காரியா இருக்குறதாலதான் மலை இங்கன நிக்குது. இல்லன்னு எழுதிக் குடுத்தா அது யாரப் பாத்து நிக்கும்?"

"போடலன்னா மயினியவே கப்பலேத்திருவான்" என்றார் இன்னொருவர். "மயினி போனா மலையும் பின்னாலயே போயிரும்லா?"

இந்தப் பக்கம் போனாலும் மலை போகும், அந்தப் பக்கம் போனாலும் மலை போகும் என்று தெரிந்தவுடன் கூட்டத்தில் ஒரே இரைச்சல். மயினியை ஒளித்து வைத்துவிடலாம் என்றார்கள், கோயில் மணிக்கூண்டில் ஒரு மாதம், கிட்டங்கியில் ஒரு மாதம், போலீஸ் வந்தால் செத்துவிட்டாள் என்று சொல்லி வெறும் பெட்டியை அடக்கம் செய்துவிடலாம் என்றார்கள், யார் யார் ஒப்பாரி வைப்பது என்பதுவரை பேச்சு போய்விட்டது.

மயினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"என்ன என் ஊர்லயே ஒளிச்சு வைக்கப் போறியளா? முப்பது வருசம் இந்தத் தெருவுல தலைய நிமுத்தி நடந்திருக்கேன். எம்புருசன் இங்கன கெடக்கான். ஒவ்வொரு எலெக்சனுக்கும் நீங்க எல்லாம் மை வச்ச வெரலக் காட்டிட்டு வருவீங்க, நான் பள்ளிக்கூட வாசல்ல நின்னு வேடிக்க பாப்பேன். இனிமே முடியாது. நான் போடத்தான் போறேன்."

"அப்ப மலை?" என்றார் தஸ்நேவிஸ்.

"அதையும் விடமாட்டேன்" என்றாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. அவளுக்கும் எப்படி என்று தெரியாது.

அமலோற்பவத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஜில்லா அலுவலகத்துக்குப் போனாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த அந்த அதிகாரி நல்ல மனுஷன், அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, விசிறியைத் திருப்பி வைத்து, படிவத்தை மேஜையில் விரித்தார்.

"ஒண்ணத் தேர்ந்தெடுக்கணும்மா. ரெண்டு நாடு வச்சுக்க முடியாது."

"சார், நீங்க மீன் பிடிக்கப் போயிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"கடல்ல போனா ஒரு அடையாளம் போதாது சார். கோபுரம் தெரியுது, ஊருக்குத் திரும்பி வந்துரலாம், சரி. ஆனா நீங்க எந்த எடத்துல நிக்கீங்கன்னு ஒங்களுக்கே தெரியாது. ரெண்டாவது ஒண்ணு இருந்தாத்தான் தெரியும். எனக்கு இங்க வந்த நாள்லருந்து அப்பிடித்தான். அத எடுத்துட்டா நான் எங்க நிக்கேன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் படிவத்தை ஒருதரம் பார்த்தார். "புரியுதும்மா" என்றார். "ஆனா இந்தப் படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு."

"கட்டம் சின்னது. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றாள் மயினி. "சட்டத்துல இடமில்லன்னா நான் சட்டத்துக்கு வெளிய வச்சுக்கிடுதேன்."

பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். பேனாவை வாங்கி, ஓர்சோலா மரியா தெல் ஃபாப்ரோ மிராண்டா என்று அப்பன் வீட்டுப் பேரும் புருஷன் வீட்டுப் பேரும் ஒன்று விடாமல் எழுதினாள், கட்டம் நிறைந்து எழுத்து ஓரத்துக்கு ஏறி, ஓரத்திலிருந்து அதிகாரியின் முத்திரை விழ வேண்டிய இடம்வரை போய் நின்றது. அவர் ஆட்சேபிக்கவில்லை. எழுந்து நின்று உறுதிமொழி சொன்னாள், கடலோரத் தமிழில், உரக்க, பக்கத்து அறைக் குமாஸ்தாக்கள் எட்டிப் பார்க்கும்படி. பஸ்ஸில் திரும்பி வரும்போது அமலோற்பவத்தின் தோளில் சாய்ந்து அழுதாள், டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

மறுநாள் வெளுத்து வரும்போது வள்ளங்களைத் தள்ள வந்தவர்கள் பார்த்தால், தஸ்நேவிஸின் வள்ளத்தில் மயினி உட்கார்ந்திருக்கிறாள். சேலையை முழங்காலுக்கு மேல் ஏறாதபடி இழுத்துச் செருகி, தலையைச் சுற்றித் துண்டு கட்டி, இரண்டு கையாலும் குறுக்குப் பலகையைப் பிடித்திருந்தாள்.

"எறங்குங்க மயினி. வேண்டாம்."

"மலை போயிரும்னு சொன்னீங்கள்ல? போயிருந்தா போன எடத்த நான் பாக்கணும். நிக்குதுன்னா நின்ன எடத்தப் பாக்கணும். எறங்க மாட்டேன். என் கையப் பிடிச்சு எறக்குத ஆம்பள யாருன்னு முன்னால வா."

ஊர் செய்த தப்பு அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. எல்லாரும் அவளை மயினி என்று கூப்பிட்டுத் தொலைத்தார்கள், அதனால் எல்லாரும் அவளுக்குக் கொழுந்தன்மார் ஆகிவிட்டார்கள், அண்ணன் பெண்டாட்டியைக் கேலி பேசலாம், கையைப் பிடித்து இழுக்க முடியாது. தாழைத்துறையில் அவளைத் தொட்டு இறக்க உரிமை உள்ள ஒரே ஆண்பிள்ளை கல்லறையில் இருந்தான். தஸ்நேவிஸ் ஒருதரம் சிலுவை போட்டுக்கொண்டு, "தள்ளுங்கல" என்றார்.

வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, யாரும் பாட்டுப் பாடவில்லை, யாரும் பீடி பற்ற வைக்கவில்லை, நாலு பாகம் தாண்டியது, ஐந்து தாண்டியது, ஆறு தாண்டியது, எல்லார் முகமும் கரையைப் பார்த்தே திரும்பியிருந்தது, ஏழாவது பாகம் தாண்டியபோது கிழக்கே சூரியன் எழுந்து, கோபுரத்தில் வெயில் விழுந்தது, கொடிமரத்தில் விழுந்தது, கிட்டங்கியின் தகரக் கூரையில் விழுந்து மின்னியது, கிட்டங்கிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வானம் இருந்தது. துடைத்து வைத்த பாத்திரம்போல வெறும் வானம்.

"போச்சு" என்றான் பவுலின், சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல விசும்பினான்.

மயினி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவேளை தனக்காவது தெரியும் என்று கடைசி நிமிஷம்வரை நம்பியிருந்தாள், தெரியவில்லை. வருஷம் முழுக்க வந்து காத்திருந்த மலையை ஒருநாள்கூட வந்து பாராமல், நேற்றுக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். அப்பனும் ஆத்தாளும் அதன் காலடியில்தான் கிடக்கிறார்கள். அவர்கள் அடக்கத்துக்கும் அவள் போகவில்லை. கண்ணை இறுக்கி மூடினாள், திறந்தாள், வானம் அப்படியேதான் இருந்தது.

தஸ்நேவிஸ் சுக்கானைத் திருப்பினார், வள்ளம் மெல்லக் கரைப் பக்கம் முகம் மாறியது. மற்ற வள்ளங்களும் திரும்பத் தொடங்கின.

"எங்க திருப்புத?" என்றாள் மயினி.

"பெறகு என்ன செய்ய மயினி? இனிமே பார் எங்கன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். வள்ளம் ஆடியது, பவுலின் பாய்ந்து பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தினான். அவள் கால்களை அகட்டி வைத்து, மூக்கை உறிஞ்சி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோபுரத்தையும் கொடிமரத்தையும் ஒண்ணாக் கொண்டா."

தஸ்நேவிஸ் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு சுக்கானை மாற்றினார். சிலுவை நகர்ந்து நகர்ந்து கொடிமரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

"இந்தக் கோட்ட விடாத. அப்பிடியே வெளிய போ."

வள்ளம் போனது. மயினி வலது கையை முழு நீளத்துக்கு மேற்கே நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தாள், இரண்டு சிகரமும் நடுவில் கவட்டையுமாக, எவ்வளவு விரிக்க வேண்டுமோ அவ்வளவு விரித்தாள், எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டுமோ அந்த உயரத்தில் பிடித்தாள், வானத்தில் எந்த இடம் என்று அவள் யோசிக்கவே இல்லை, தன் வீட்டில் இருட்டில் தண்ணீர்ச் செம்பு தேடுகிறவளின் கைபோல அந்தக் கை தன் இடத்துக்குத் தானே போய் நின்றது. விரல்களுக்குக் கீழே கரை மெல்ல ஊர்ந்தது. கிட்டங்கிக் கூரை இடது பக்கம் எங்கேயோ இருந்தது.

"வரல" என்றாள். "இன்னும் வரல. போ. போ. கொஞ்சம் மெதுவா."

கிட்டங்கிக் கூரை முனை அவள் விரல்களின் கவட்டையை நோக்கி ஊர்ந்தது.

"வருது. வருது. நில்லு!"

பவுலின் ஈயக்கல்லை விட்டான். கயிறு அவன் கைக்குள் ஓடியது, அவன் வாய்க்குள் எண்ணினான், பத்து, பன்னிரண்டு, பதினைந்து, அதற்குமேல் சத்தமாகவே எண்ணினான், பதினாறு, பதினேழு. பதினெட்டில் கயிறு தொய்ந்தது. அவன் இழுத்து மறுபடி விட்டான், அடியிலிருந்து கயிறு வழியாக டக்கென்று கல் தட்டும் அதிர்வு கைக்கு வந்தது.

"பாறை" என்றான். "தஸ்நேவிஸண்ணே, பாறை தட்டுது."

நங்கூரம் இறங்கியது. பாதி வழி திரும்பிப் போயிருந்த வள்ளங்கள் இந்த வள்ளத்தில் ஒரு பொம்பளை கையை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒவ்வொன்றாக முகம் திருப்பின, தூரத்தில் இருந்தவர்கள் பாயைத் தட்டி விரித்தார்கள். மயினிக்கு நீட்டிய கை கடுக்க ஆரம்பித்திருந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"மயினி, கைய எறக்கிராதீங்க" என்றார் தஸ்நேவிஸ். "பின்னால வாரவனுக்கும் தெரியணும்."

"எறக்க மாட்டேன்" என்றாள். "நீ தூண்டிலப் போடு."